குழாய் எண் முப்பத்தாறு

ராக்கையாவின் நெஞ்சு வலிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஆஸ்பத்திரி திறந்திருக்கும் நேரத்தில் அது வராது. விடிகாலை நாலரைக்கு வரும். நடு நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றி ஏறி உட்கார்ந்த மாதிரி கால் மணி நேரம் இருக்கும். இடது தாடை மரத்துப்போகும், போட்டிருக்கும் பனியன் நனைந்து உடம்போடு ஒட்டும். அப்புறம் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். பத்து மணிக்கு டாக்டர் முன்னால் அவன் போய் உட்காரும்போது அவனைப் போல ஆரோக்கியமான ஆள் திருப்பூரில் இருக்க மாட்டான்.

முதல் டாக்டர் வாயு என்றார். இரண்டாவது டாக்டர் கவலை என்றார். என்ன கவலை என்று கேட்கவில்லை. மூன்றாவது இடத்தில் தொடை வழியாகக் கம்பி விட்டு இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களைப் படமெடுத்தார்கள். குழாய் சுத்தம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிய அன்றிலிருந்து அவன் நோயாளி இல்லை, நடிப்பவன்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அனுப்பர்பாளையத்தில் லைன் வீடு. மனைவி ஒச்சாயி ஒரு பனியன் கம்பெனியில் பீஸ் மடிக்கிறாள். ராக்கையா இன்னொரு கம்பெனியில் துணி செக்கிங். வட்ட மிஷினிலிருந்து குழாய் குழாயாக இறங்கும் துணியை, அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை மேல் இழுத்துப்போட்டு, ஓட்டை, ஊசிக் கோடு, எண்ணெய்க் கறை பார்க்க வேண்டும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. இரவு வேலை வாரத்தில் வலி நாலு தடவை வந்தது. பகல் வேலை வாரத்தில் ஒரு தடவை வந்தது. இந்தக் கணக்கைப் போட அவனுக்கு டாக்டர் தேவைப்படவில்லை. கம்பெனி மேனேஜர் பெருமாள்சாமியிடம் போய்ச் சொன்னான், தன்னைப் பகலிலேயே போடும்படி.

"போட்டுடலாமுங்க. லெட்டர் கொண்டாங்க ராக்கையா. லெட்டர் இல்லாம உங்களப் பகல்ல போட்டேன்னு வைங்க, நாளைக்கு நாப்பது பேருக்கு நெஞ்சு வலிக்கும்."

லெட்டருக்கு நோய் வேண்டும். நோய்க்குப் படம் வேண்டும். படத்தில் அவன் சுத்தம்.

அப்படி இருந்தவனுக்குத்தான் பொன்னிதயம் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் டாக்டர் மோகன்ராஜும் கிடைத்தார்கள்.

மோகன்ராஜ் அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. செல்போனைப் பார்க்கவில்லை. கடைசியில் சொன்னார்: "நீங்க சொல்றது பொய் இல்லீங்க ராக்கையா. சில பேருக்குக் குழாயில அடைப்பு இருக்காதுங்க. ஆனா அந்தக் குழாயே திடீர்னு தன்னைத்தானே இறுக்கிப் புடிச்சுக்கும். கால் மணி நேரத்துல விட்டுடும். அதுக்கப்புறம் பாத்தா ஒண்ணுமே தெரியாது. உங்களுக்கு அதுதான்."

நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஆள் அவனை நம்பினார். ராக்கையா அழவில்லை. ஆனால் அந்த மனுஷன் அன்றைக்குக் கிட்னியைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பான்.

கேட்டது வேறு. கம்பி விட்டு, ஒரு மருந்தை உள்ளே செலுத்தி, வேண்டுமென்றே குழாயைச் சுருங்க வைத்துப் பார்த்தார்கள். திரையில் பென்சில் அளவு இருந்த குழாய் ராக்கையா பார்த்துக்கொண்டிருக்கும்போதே தையல் நூல் மாதிரி ஆனது. அதே முழங்கால் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

"இதானுங்களே உங்க வலி?" என்றார் மோகன்ராஜ், திரையைக் காட்டி.

"இதான் சார், இதான்," என்றான் ராக்கையா, வியர்வையில் முங்கியபடி. அவ்வளவு சந்தோஷமாக அவன் வலியை அனுபவித்ததே இல்லை. "துணியும் இப்படித்தான் சார். சும்மா கெடக்கிறப்ப பாத்தா எல்லாத் துணியும் நல்ல துணிதான். இழுத்துப் புடிச்சுப் பாத்தாத்தான் கோடு தெரியும்."

மோகன்ராஜ் ரசித்துச் சிரித்தார். அப்புறம் மாற்று மருந்து கொடுத்துக் குழாயைத் தளர்த்திவிட்டு, நுனியில் விளக்கு வைத்த இன்னொரு மெல்லிய கம்பியை உள்ளே அனுப்பி, குழாயின் உட்சுவரை உள்ளேயிருந்தே படமெடுத்தார்கள். வெட்டிய மரக்கட்டை போல வளையம் வளையமாகத் தெரிந்தது. ஒரு பக்கம் மட்டும் சுவர் தடித்து மேடாக இருந்தது. அதன் பெயர் படிவு. கொழுப்பும் நாரும் சேர்ந்து படிந்தது. வெளியிலிருந்து எடுத்த பழைய படத்தில் தெரியாதது.

அன்றைக்கே அவன் 'இதயத் தமனி இசிவில் படிவு மாற்றங்களைப் படமெடுத்தல்' என்ற ஆய்வில் சேர்ந்தான். இசிவு என்பது குழாயின் அந்தத் திடீர் இறுக்கம். ஒரு வருஷம் மாத்திரை இலவசம். வருஷக் கடைசியில் இன்னொரு படம். இடையில் மாதம் ஒரு தடவை வந்து படிவம் நிரப்ப வேண்டும். அவன் எண் முப்பத்தாறு. கூடவே மோகன்ராஜ் லெட்டரும் எழுதிக் கொடுத்தார்: இரவுப் பணி கூடாது.

பெருமாள்சாமி லெட்டரை இரண்டு தடவை படித்தார். "இத முன்னாடியே கொண்டாந்திருக்கலாமுங்களே," என்று பகல் பட்டியலில் பேரை மாற்றினார். மாத்திரை வேலை செய்தது. பகல் வேலையும் வேலை செய்தது. வாரம் நாலு தடவை வந்த வலி இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று இறங்கியது. ஒச்சாயி வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பாவை வைத்தாள். பொன்னிதயத்தை இருவரும் கோயில் என்றே நினைத்தார்கள். அதில் தப்பில்லை. அது கோயில்தான். சாமி யார் என்பதில்தான் அவர்கள் ஏமாந்தார்கள்.

ஆயுத பூஜைக்கு எல்லா நோயாளிகளையும் வரச் சொன்னார்கள். படமெடுக்கும் மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், ஆள் உயர ரோஜா மாலை. அதன் முன்னால் பூசணிக்காய் உடைத்தார்கள். நோயாளிகள் எண் வரிசைப்படி நின்று பொரி வாங்கிக்கொண்டார்கள். நிறுவனத்தின் இயக்குநர் வெள்ளியங்கிரி பேசினார்.

"இந்த மாதிரி மிஷின் விரல் விட்டு எண்ணற இடத்துலதானுங்க இருக்குது. நோயாளிங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. எதுக்கு மரியாதை குடுக்கோணும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. போன மாசம் ரெண்டு நாள் இது ரிப்பேர் ஆயிருச்சு. நானும் டாக்டருங்களும் ரெண்டு நாள் சோறு திங்கல. எங்க குடும்பத்துல யாருக்கு முடியாமப் போனாலும் நாங்க அப்படி இருந்ததில்லீங்க."

நோயாளிகள் கை தட்டினார்கள். ராக்கையாவும் தட்டினான். இவ்வளவு அக்கறையாக இருக்கிறார்களே என்று அவனுக்குத் தோன்றியது.

மாதப் படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள். நிரப்புவது சித்ராதேவி என்ற பெண். ஆய்வு ஒருங்கிணைப்பாளர் என்று கழுத்து அட்டையில் இருக்கும். முப்பது வயதுக்குள். வாங்கண்ணா, உக்காருங்கண்ணா, தண்ணி குடிக்கிறீங்களாண்ணா என்று தங்கச்சி மாதிரிதான் பேசுவாள். உயரம், எடை, அப்பாவின் அப்பா எப்படி இறந்தார், வாரத்தில் எத்தனை முட்டை என்று போய் நாற்பத்தோராவது கேள்விக்கு வருவாள்.

"இப்ப வலிக்குதுங்களாண்ணா?"

"இப்ப இல்லம்மா. செவ்வாக்கெழம விடியக்காலம் வந்துச்சு. நாக்குக்கடியில வைக்கிற மாத்திரய வச்சேன், பத்து நிமிசத்துல—"

"இந்த நிமிசத்த மட்டும் சொல்லுங்கண்ணா. செவ்வாக்கிழமைக்குக் கட்டம் இல்லீங்க."

இல்லை என்ற கட்டத்தில் டிக் அடிப்பாள். நாற்பத்திரண்டாவது கேள்வி கையெழுத்து.

வலியை எழுதாத வலி ஆய்வு என்ன ஆய்வு என்று ராக்கையா நாலாவது மாதம் மோகன்ராஜிடமே கேட்டுவிட்டான். அவர் கோபப்படவில்லை. "நல்ல கேள்விங்க," என்றார். "வலி வரும்போது இங்க வந்துருங்க. கையோட பதிஞ்சுக்கலாம்." அடுத்த தடவை வலி வந்தபோது ஒச்சாயி ஆட்டோ பிடித்தாள். நாலே முக்காலுக்குப் பொன்னிதயம் வாசலுக்குப் போய்விட்டார்கள். காவலாளி நல்ல மனுஷன், நாற்காலி கொடுத்தார். ஆய்வு நோயாளிகளை ஆய்வுப் பிரிவுதான் பார்க்க வேண்டும், ஆய்வுப் பிரிவு பத்து மணிக்கு என்றார். பத்து மணிக்கு சித்ராதேவி வந்து, "வாங்கண்ணா, சீக்கிரமே வந்துட்டீங்க போல, இப்ப வலிக்குதுங்களா?" என்றாள்.

இல்லை என்ற கட்டம்.

எட்டாவது மாதம், ஆய்வு சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஒரு பெரிய பரிசோதனை வந்தது. மருந்தும் மிஷினும் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நோயாளிகள் பத்துப் பேரைத் தனித்தனியாக அறைக்குள் கூப்பிட்டுப் பேசுவார்கள். பத்துப் பேரில் முப்பத்தாறும் இருந்தான். ராக்கையா முதல்நாள் ராத்திரியே தயாரானான். செவ்வாய்க்கிழமைகளையும் விடிகாலைகளையும் ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். உள்ளே போகும்முன் சித்ராதேவிகூட, "பயப்படாதீங்கண்ணா, உள்ளத உள்ளபடி சொல்லுங்க," என்றுதான் சொன்னாள். அவனை யாரும் மிரட்டவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இதை எழுதிவைக்க வேண்டியது அவசியம்.

சொல்லிக் கொடுத்தது திருப்பூர். பதினைந்து வருஷமாகச் சொல்லிக் கொடுத்திருந்தது.

வெளிநாட்டில் பனியன் வாங்கும் பையர் வருஷம் ஒரு தடவை கம்பெனிக்கு ஆடிட் அனுப்புவான். தொழிலாளியை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க. ஒரு வாரம் முன்னாலேயே பெருமாள்சாமி ஆட்களை வரிசையாக நிறுத்தி வகுப்பு எடுப்பார். கதவுகளுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், பாத்ரூமில் சோப்பு வரும். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்வான் என்று தோன்றாத ஆட்களாகப் பத்துப் பேரை முன்வரிசையில் போடுவார்கள். ராக்கையா பதினைந்து வருஷமாக முன்வரிசை. அவன் பதில் சொல்லி ஒரு ஆடிட்டும் தோற்றதில்லை.

அறைக்குள் மேசை. மேசைக்குப் பின்னால் கழுத்தில் அட்டை தொங்கும் வெள்ளைக்காரர். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண். கையில் டிக் அடிக்கும் தாள். ராக்கையா உள்ளே நுழைந்ததும் அவன் முதுகு தானாக நிமிர்ந்தது.

"கடந்த எட்டு மாதத்தில் உங்களுக்கு நெஞ்சு வலி வந்ததா?" என்று அந்தப் பெண் கேட்டாள். செவ்வாய்க்கிழமைக்குக் கட்டம் உள்ள கேள்வி. எட்டு மாதமாக அவன் காத்திருந்த கேள்வி.

"இல்லீங்க," என்றது ராக்கையாவின் வாய்.

"ஏதாவது குறை?"

"ஒரு குறையும் இல்லீங்க. குடிதண்ணி சுத்தமா இருக்கு. ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் பாத்ரூம் தனித்தனியா இருக்கு. வாரம் ஒரு நாள் லீவு. பதினெட்டு வயசுக்குக் கீழ யாரும் இல்லீங்க."

அந்தப் பெண் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தாள். வெள்ளைக்காரர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். கதவுக்கு வெளியே வந்து பத்து அடி நடந்த பிறகுதான் ராக்கையாவுக்குச் சட்டைப் பையில் இருந்த காகிதம் ஞாபகம் வந்தது.

வீட்டில் ஒச்சாயியிடம் நடந்ததைச் சொன்னான்.

"ஏன்யா, நீ நெஞ்சு வலின்னு போனியா, இல்ல பெருமாள்சாமி கம்பெனியக் காப்பாத்தப் போனியா?"

"வாய்ல வந்துருச்சுடி."

"வந்துருச்சாம்ல. வலிக்கிதுன்னு சொல்லவும் அந்த வாய்தானய்யா வச்சிருக்க? வேற வாய் எங்கயும் வாடகைக்கா விட்டிருக்க?"

மறுநாள் பத்து மணிக்கு சித்ராதேவி முன்னால் நின்றான். தப்பாகச் சொல்லிவிட்டதாகச் சொன்னான். அவள் முகம் நிஜமாகவே வாடியது.

"அய்யோ அண்ணா, நேத்து சாயங்காலமே பதிவப் பூட்டிட்டாங்களே. இனி யாரும் தொறக்க முடியாதுங்க. ஆனா ஒண்ணுங்கண்ணா, உங்க பதில்தான் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு அவங்க தனியாப் பாராட்டினாங்க."

வருஷம் முடிந்தது. இரண்டாவது படத்துக்குப் படுக்க வைத்தார்கள். குழாயைத் தளர்த்தும் மருந்தை முதலில் செலுத்தினார்கள்.

"சார், அவுத்து விட்டுட்டுப் பாக்குறீங்களே," என்றான் ராக்கையா. "இறுக்கிப் புடிக்கிறப்ப பாக்க வேணாமா?"

"தளர்வா இருந்தாத்தான் படம் தெளிவா வருமுங்க," என்றார் மோகன்ராஜ். "சுருங்கிட்டா கம்பி போகாது, அளக்க முடியாது. அளக்க முடியாதத வச்சு நாங்க என்னங்க பண்ண?"

படிவு குறைந்திருந்தது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு. மோகன்ராஜ் இரண்டு தடவை அளந்தார். வெள்ளியங்கிரியைக் கூப்பிட்டு மூன்றாவது தடவை அளந்தார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தொடையில் கம்பியோடு படுத்திருந்த ராக்கையாவையும் சேர்த்துக் கட்டிப்பிடித்திருப்பார்கள். கிருமி பட்டுவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

நிறைவு விழா அவினாசி ரோட்டில் ஒரு ஓட்டலில் நடந்தது. ராக்கையாவின் குழாயைக் குறுக்கே வெட்டிய வடிவத்தில் கேக் செய்திருந்தார்கள். படிவு இருந்த மேட்டில் மட்டும் மஞ்சள் கிரீம். அந்தத் துண்டை வெட்டி அவன் வாயிலேயே ஊட்டினார்கள். மோகன்ராஜ் மேடையில் பேசினார். "சும்மா கெடக்கறப்ப எல்லாத் துணியும் நல்ல துணிதானுங்க. இழுத்துப் புடிச்சுப் பாத்தாத்தான் கோடு தெரியும். இது எனக்கு ஒரு நாள் ராத்திரி படிச்சுட்டு இருக்கறப்ப தோணுச்சு." கூட்டம் கைதட்டியது. ராக்கையா வாயில் கேக் இருந்தது. அவன் விழுங்கினான்.

விழா முடிந்து கைகழுவும் இடத்தில் சித்ராதேவி ஒரு உறை கொடுத்தாள். உள்ளே இரண்டு வரி. ஆய்வு நிறைவுற்றதால் மாத்திரை வழங்கல் நிறுத்தப்படுகிறது. படத்தில் முன்னேற்றம் உள்ளதால் முப்பத்தாறு எந்நேரப் பணிக்கும் தகுதியானவர். அதன் நகல் கம்பெனிக்கும் போயிருந்தது.

"எனக்கு இன்னும் வலிக்கிதும்மா."

"இப்ப வலிக்குதுங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக அவளே தலை குனிந்துகொண்டாள். கேட்கக் கேட்க அது அவளுக்கும் வாயில் ஒட்டியிருந்தது.

மாத்திரை நின்ற ஒன்பதாவது நாள் முழங்கால் திரும்பி வந்தது. இந்தத் தடவை ஒச்சாயி பொன்னிதயத்துக்குப் போகவில்லை. தெருமுனையில் பிரசவம் பார்க்கும் சின்ன நர்சிங் ஹோமுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். அங்கே விழித்திருந்த நர்ஸ் ஒரு பழைய மிஷினை மாட்டி ஈசிஜி எடுத்தாள். காகிதம் நீளமாக வெளியே வந்தது. கோடு மலை மலையாக ஏறியிருந்தது. ஐந்து வருஷ வலி முதல் தடவையாக, வலிக்கும்போதே காகிதத்தில் விழுந்தது. அந்தக் காகிதத்தை ஒச்சாயி குழந்தையை வாங்குவது போல இரண்டு கையிலும் வாங்கினாள்.

அதை எடுத்துக்கொண்டு பொன்னிதயத்துக்குப் போனார்கள். ஆய்வுப் படங்களைப் பார்த்து முடிவு சொல்லும் குழு கூடியது. வெள்ளியங்கிரி நடுவில். மோகன்ராஜ் பக்கத்தில். குறிப்பெடுக்க சித்ராதேவி. எதிரில் ராக்கையாவும், கூடாது என்று சொல்லியும் உள்ளே வந்துவிட்ட ஒச்சாயியும்.

வெள்ளியங்கிரி ஈசிஜியை விளக்கில் தூக்கிப் பார்த்தார். "நல்லாத்தான் ஏறியிருக்குது," என்றார் மரியாதையோடு. "ஆனா இது நம்ம மிஷின்ல எடுத்தது இல்லீங்களே. ஆய்வு விதி பதினொண்ணு. வெளி மிஷின்ல எடுத்துக்கறது விதி மீறல். உங்க மேல நாங்க நடவடிக்கை எடுக்கல. அதுவே பெருந்தன்மைங்க."

"வலிச்சது எனக்கு சார்."

"வலிங்கறது உங்க கருத்துங்க ராக்கையா. உங்க கருத்துக்கு நாங்க ரொம்ப மரியாதை குடுக்கறோம். படம் கருத்து இல்லீங்க. மில்லிமீட்டர்ல நூத்துல மூணு பங்கு கொறஞ்சிருக்குது. நீங்க குணமாயிட்டீங்க. நீங்க குணமானத உலகத்துக்கே அனுப்பிட்டோம். இப்பப் போயி நீங்க வலிக்குதுன்னா அது எங்களுக்கு எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சீங்களா?"

"மொத நாள் சுருங்க வச்சுக் காட்டுனீங்கள்ல சார்? நூல் மாதிரி ஆச்சுல்ல? அந்தப் படத்தப் போடுங்க."

"அது உங்கள ஆய்வுல சேக்கறதுக்கு எடுத்ததுங்க," என்றார் மோகன்ராஜ். மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "தகுதிப் பரிசோதனை. முடிவுல அது சேராதுங்க."

ஒச்சாயி எழுந்தாள். "நீங்கதானய்யா நம்புனீங்க? நாலு வருசமா ஒருத்தன் நம்பல, நீங்க நம்புனீங்க. இப்ப நம்புறீங்களா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"நம்பறனுங்கம்மா," என்றார் மோகன்ராஜ். மேசையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். "முழுசா நம்பறேன். ஆனா நான் நம்பறத எந்தக் கட்டத்துலயும் எழுத முடியாதுங்க."

சித்ராதேவி அதைக் குறிப்பில் எழுதத் தொடங்கினாள். வெள்ளியங்கிரி வேண்டாம் என்று கை காட்டினார். எட்டாவது மாத ஆடிட்டில் முப்பத்தாறு சொன்ன பதில் வாசிக்கப்பட்டது. வலி இல்லை, குறை இல்லை, குடிதண்ணீர் சுத்தம். கூட்டம் முடிந்தது.

நம்பாத மூன்று டாக்டர்கள் மேல் ராக்கையாவுக்குக் கோபம் இருந்ததில்லை. தெரியாதவன் தெரியாது என்கிறான், அவ்வளவுதான். இவர் கண்ணால் பார்த்தவர். அவன் குழாய் நூலாகிறதை அவனோடு சேர்ந்து பார்த்தவர். படிக்கட்டில் இறங்கும்போது அவன் கால் வழக்கத்தை விடப் பலமாகப் பதிந்தது. பின்னாலேயே மோகன்ராஜ் ஓடி வந்தார்.

"ராக்கையா, சாயங்காலம் ஆறு மணிக்கு நம்ம கிளினிக்குக்கு வாங்க. ஊட்டுக்குக் கீழதான். பீஸெல்லாம் வேண்டாமுங்க."

போனார்கள். அதே மோகன்ராஜ், வேறு சட்டை. அதே ஈசிஜியைக் கையில் வாங்கியதும் முகம் மாறியது. "கடவுளே, இது பெரிய இசிவுங்க. மாத்திரைய நிறுத்தினதுதான் காரணம். இப்படி நிறுத்தவே கூடாது. யாருங்க நிறுத்தினது?"

ராக்கையா அவரையே பார்த்தான்.

"காலைல நான் ஆராய்ச்சியாளனுங்க," என்றார் மோகன்ராஜ். "சாயங்காலம்தான் டாக்டர்." நகைச்சுவையாகச் சொல்லவில்லை. மாத்திரை எழுதினார். கடையில் வாங்கிக்கொள்ளும்படி சொன்னார். லெட்டரும் எழுதினார்: கடுமையான தமனி இசிவு, உயிருக்கு ஆபத்து, இரவுப் பணி கண்டிப்பாகக் கூடாது. கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, சீல் குத்தினார். எழுந்து வந்து ராக்கையாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சூடாக, நல்ல கையாக இருந்தது. உருவிக்கொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மறுநாள் காலை பெருமாள்சாமியின் மேசையில் இரண்டு லெட்டர்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்றில் முப்பத்தாறு எந்நேரப் பணிக்கும் தகுதி. இன்னொன்றில் ராக்கையா உயிருக்கு ஆபத்து. இரண்டிலும் ஒரே கையெழுத்து.

பெருமாள்சாமி திகைப்பார், போன் போட்டுக் கேட்பார், கத்துவார் என்று ராக்கையா எதிர்பார்த்து நின்றான். பெருமாள்சாமிக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. அவர் அலமாரியில் எல்லாமே இரண்டு இரண்டாகத்தான் இருந்தது. வருகைப் பதிவேடு இரண்டு, ஓவர்டைம் நோட்டு இரண்டு. ஆள் மட்டும்தான் இதுவரை ஒருவனாக இருந்தான்.

"ஏனுங்க ராக்கையா, இதுக்கா மொகத்தத் தொங்கப் போட்டுட்டு நிக்கறீங்க? ரெண்டும் செல்லுமுங்க."

"ரெண்டும் எப்படிங்க செல்லும்?"

பெருமாள்சாமி ஆபத்து லெட்டரை எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டார். பக்குவமாக, ஓரம் மடங்காமல். "நெஞ்சு வலிக்கற ஆளப் பகல்ல வச்சுப் பாத்துக்கறோம்னா பையர் அப்படியே உருகிப் போயிருவானுங்க. போன தடவையே கேட்டாங்க, நோயாளித் தொழிலாளிக்கு என்ன பண்றீங்கன்னு. காட்டறதுக்கு ஆள் இல்ல. ஆடிட் வர்ற வாரம் நீங்க பகல். முன்வரிசை. இந்த லெட்டரும் கூட இருக்கும்." இன்னொரு லெட்டரை எடுத்து, துளை போட்டு, தினசரிக் கோப்பில் கோத்தார். "மத்த நாளு இது."

"மத்த நாளும் அதே நெஞ்சுதானங்க."

"அட, அது எனக்குத் தெரியாதுங்களா? உங்கள நான் நம்பாம வேற யாரு நம்புவா?" பெருமாள்சாமி இரவுப் பட்டியலை இழுத்து ராக்கையாவின் பேரை எழுதினார்.

அவர் பேனா பேரின் கடைசி எழுத்தைச் சுழித்து முடிக்கும்வரை ராக்கையா பார்த்துக்கொண்டிருந்தான். மேசையில் மாதக் காலண்டர் நிமிர்ந்து நின்றது. ஜூன்.

"அடுத்த ஆடிட்டு எப்பங்க?"

பெருமாள்சாமி தாள்களைப் புரட்டினார். நிறையப் புரட்ட வேண்டியிருந்தது.

"பிப்ரவரிங்க."

"அதுவரைக்கும்?"

பெருமாள்சாமி நிமிர்ந்து பார்த்தார். கேள்வி புரியாதவர் போல, அன்பாக.

"அதுவரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களே."